விமானக் கமராவும் ஜீப் டயரும்: அதிர்வைக் குறைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரத்மலானையில் சிறிய விமானம் ஏறியபோது நன்றாக வேலை செய்த, கமராவைத் தாங்கும் றப்பர் மவுண்டை, வில்பத்துவுக்குப் போகும் ஜீப்பில் பூட்டிப் பாருங்கள். மவுண்டே இல்லாமல் எடுத்ததை விட வீடியோ மோசமாக வரும். மவுண்டில் குறை எதுவும் இல்லை. விமானம் வினாடிக்கு 80 தடவை நடுங்குகிறது. ஜீப்பின் சில்லு வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் உதறுகிறது. முதலாவதை அடக்கும் றப்பர் இரண்டாவதைப் பெருக்கிவிடும்.

விமானத்திலும் ஜீப்பிலும் இருந்து படமெடுக்கும் வேலைக்குக் கொழும்பில் புதிதாக வருபவர்கள் பலர் இது தெரியாமலே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் காசைக் கொட்டுகிறார்கள். கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செலவில்லாத வேலை.

முதலில் எண்ணுங்கள்

எது நடுங்குகிறது என்று தேடுவதற்கு முன், வினாடிக்கு எத்தனை தடவை நடுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைத்தான் ஹேர்ட்ஸ் என்கிறோம். எண் தெரிந்தால் ஆள் யாரென்று தானாகத் தெரிந்துவிடும்.

விமானத்தில் இதற்குத் தனிக் கருவி வேண்டாம். விமானியின் முன்னால் உள்ள ஆர்.பி.எம். மானியே போதும். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணும் செஸ்னா 152, 172 ரகங்களில் பெரும்பாலும் நான்கு சிலிண்டர் எஞ்சினும் இரண்டு இதழ் ப்ரொப்பெல்லரும் இருக்கும். இடையில் கியர் கிடையாது, எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே ப்ரொப்பெல்லரும் சுற்றும். நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் வினாடிக்கு 40. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கின்றன, இரண்டு இதழ்கள் முன் கண்ணாடியைத் தாண்டிக் காற்றை அறைகின்றன. ஆகவே 80. ப்ரொப்பெல்லரின் எடை சரியாகச் சமப்படாமல் இருந்தால் அந்த 40-உம் பலமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் விமானியிடம் சொல்லுங்கள். அதைச் சரிசெய்வது பராமரிப்புப் பொறியியலாளரின் வேலை.

டயருக்கும் இதே கணக்குத்தான். 265/70 ஆர் 16 என்று எழுதியிருக்கும் டயர் (பல பஜேரோக்களில் இதுதான்) ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2.4 மீற்றர் நகரும். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 22 மீற்றர். அப்படியானால் சில்லு வினாடிக்கு 9 தடவைக்குச் சற்று மேல் சுற்றும். 100 கி.மீ.இல் 11 அல்லது 12. ஸ்டீரிங்கில் கை உணரும் உதறலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும். அதே வேகத்தில் 45, 50 ஹேர்ட்ஸில் ஒரு முனகல் வந்தால் டயரை விட்டுவிட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். பின் அச்சின் கியர் காரணமாக அது சில்லை விட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் கைபேசியில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜேர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதில் முடுக்கத்தின் அலைவரிசையைக் காட்டும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. கைபேசியை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, பதிவை ஓடவிடுங்கள். எந்த எண்ணில் முனை எழும்புகிறதோ அதுதான் உங்கள் எதிரி. ஒரு எச்சரிக்கை: சில கைபேசிகளின் உணரி வினாடிக்கு 100 தடவைதான் அளக்கும். அப்படிப்பட்டதில் 50-க்கு மேற்பட்ட எதுவும் சரியாகத் தெரியாது. விமானத்தின் 80 ஹேர்ட்ஸ் அதில் 20 என்று பொய் வேஷம் போட்டுக்கொண்டு வரும். அங்கே ஒலியின் அலைவரிசையைக் காட்டும் பரிசோதனையைப் பயன்படுத்துங்கள். மைக்ரோஃபோனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

விமானத்தில்: எதையும் பூட்டுவதற்கு முன்

விமானத்தின் வெளிப்புறத்தில் நீங்களாக எதையும் பூட்டாதீர்கள். இறக்கையின் தாங்குகம்பி அழகான இடமாகத் தோன்றும். அங்கிருந்து கழன்ற கமரா நேரே வால் இறகில் போய் மோதலாம். வெளியே பூட்டுவது விமானத்தில் செய்யும் மாற்றமாகவே கருதப்படும். உரிமம் பெற்ற பொறியியலாளரின் கையொப்பமும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம். உள்ளே பூட்டுவதானாலும் புறப்படும் முன் விமானியிடம் காட்டி, சரி என்று சொல்ல வையுங்கள். காந்தம் உள்ள மவுண்டையும் இரும்புத் தட்டையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இதைக் கேட்காமலே செய்துவிட்டு, விமானி முறைத்த பிறகு கழற்றுபவர்கள் உண்டு.

கொழும்பு வானத்தில் எந்த வழியாக, எந்த உயரத்தில் போகலாம், எதைப் படமெடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் முக்கிய நகரம் அல்லவா.

காலையிலேயே பறந்துவிடுங்கள். நேரம் போகப் போக நிலம் சூடேறிக் காற்றுக் குலுக்கத் தொடங்கும். அந்தக் குலுக்கலை எந்த றப்பரும் தடுக்காது.

கையில் பிடிப்பதே முதல் தெரிவு

உங்கள் உடம்பை விட நல்ல அதிர்வுத்தாங்கியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இருக்கையின் பஞ்சு, முதுகு, தோள், முழங்கை எல்லாம் சேர்ந்து அந்த 80 ஹேர்ட்ஸைக் குடித்துவிடும். புதியவர்கள் இதைக் கெடுப்பது எப்படியென்றால், களைப்பில் முழங்கையைக் கதவு விளிம்பில் ஊன்றுவார்கள், இல்லாவிட்டால் லென்ஸைக் கண்ணாடியில் சாய்ப்பார்கள். தரையில் ஊன்றினால் கை நடுங்காது; விமானத்தில் ஊன்றினால் எஞ்சினோடு நேரடித் தொடர்பு கிடைத்துவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகைச் சற்று முன்னால் எடுங்கள்.

புகைப்படத்துக்கு ஷட்டரை 1/1000 வினாடியிலோ அதை விட வேகமாகவோ வையுங்கள். விமானம் ஓடுகிறதே, படம் இழுபடாதா என்று கேட்பீர்கள். வினாடிக்கு 50 மீற்றர் போகும் விமானம் அந்த நேரத்தில் 5 சென்ரிமீற்றர்தான் நகரும். தாமரைக் கோபுரத்தைத் தூரத்தில் வைத்து எடுக்கும் படத்தில் அது ஒன்றுமே இல்லை. படத்தைக் கெடுப்பது கமரா சாய்வதுதான். ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கும்போது கமரா ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், காட்சியும் ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். பத்தில் ஒரு பாகை சாய்ந்தாலோ, காட்சி 1.7 மீற்றர் தள்ளிப்போகும். மவுண்ட் செய்யும்போதும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

மவுண்ட் செய்வது எப்படி

நீளமான கம்பி, பாம்பு போல வளையும் தண்டு, மூன்று மூட்டுக் கை எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அவை சின்ன நடுக்கத்தையும் சாய்வாக மாற்றிப் பெரிதாக்குபவை. கமரா எவ்வளவு கிட்டவாகச் சட்டத்தோடு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் கப் வேலை செய்யும். ஆனால் செஸ்னாவின் யன்னல் கண்ணாடியே அல்ல, பேர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். எளிதில் கீறும், மெல்லியது, தானும் நடுங்கும். இருக்கைச் சட்டம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இனி றப்பர். எவ்வளவு மென்மையானது வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் விலையைத்தான் சொல்வார். ஓர் அளவுகோலை எடுங்கள். மவுண்டை மேசையில் வைத்து உயரத்தைப் பாருங்கள். கமராவை வைத்த பிறகு எவ்வளவு அமுங்கியது என்று பாருங்கள். 1 மில்லிமீற்றர் அமுங்கினால் அந்த மவுண்டின் சொந்த ஆட்டம் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) ஏறக்குறைய 16 ஹேர்ட்ஸ். 4 மில்லிமீற்றர் என்றால் 8. அமுங்கும் அளவு நான்கு மடங்கானால் ஆட்டம் பாதியாகும்.

ஒரு மவுண்ட் தன் சொந்த ஆட்டத்தின் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் குறைக்கும். அதற்குக் கீழே உள்ளதைக் கூட்டும். 16 ஹேர்ட்ஸ் மவுண்டில் விமானத்தின் 80 ஹேர்ட்ஸ் நூற்றுக்கு நாலு அளவில்தான் கமராவுக்குப் போய்ச் சேரும். 40 ஹேர்ட்ஸ் நூற்றுக்கு இருபது அளவில். ஜீப் சில்லின் 11, 12 ஹேர்ட்ஸோ இரட்டிப்பாகிப் போய்ச் சேரும். தொடக்கத்தில் சொன்ன வில்பத்து வீடியோ கெட்டுப்போனதன் கதை இதுதான். (றப்பரின் உராய்வைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும்.)

சின்ன அக்‌ஷன் கமராவின் எடை 150 கிராம் அளவுதான். அந்த எடைக்குப் பெரும்பாலான றப்பர் ஒரு மில்லிமீற்றர்கூட அமுங்காது. அதனால் எடையைச் சேர்க்க வேண்டும். கமராவுக்கும் றப்பருக்கும் நடுவில் அரைக் கிலோ உலோகத் தட்டு ஒன்றைப் போடுங்கள். பித்தளையானால் திசைகாட்டிக்கும் பயமில்லை. தட்டின் நான்கு மூலையிலும் றப்பர் வரட்டும், எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலமாக. கமராவும் தட்டும் சேர்ந்த எடையின் நடு, நான்கு றப்பர்களின் நடுவில் விழ வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் மேலும் கீழும் வரும் நடுக்கம் சாய்வாக மாறும். அரைக் கிலோ உலோகம் குலுக்கலில் கழன்றால் யாரையாவது காயப்படுத்தும். ஆகவே தனியாக ஒரு கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். கயிறு தளர்வாகவே இருக்கட்டும்.

றப்பரில் நம் நாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இயற்கை றப்பர் துள்ளும் குணமுள்ளது. ஒருமுறை ஆடத் தொடங்கினால் அடங்க நேரமெடுக்கும். லொறி டயருக்குள் இருக்கும் ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் றப்பர். அது ஆட்டத்தை விழுங்கிவிடும். டயர் கடையில் கிழிந்த ட்யூப் துண்டு கேட்டால் அநேகமாகச் சும்மாவே தருவார்கள். அதை ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, அவற்றால் தட்டை நான்கு மூலையிலும் தொங்கவிட்டுப் பாருங்கள். பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தே அமுங்கும் அளவைச் சரிசெய்யலாம்.

அப்புறம் வயர். இவ்வளவும் செய்துவிட்டு சார்ஜர் வயரை விறைப்பாக இழுத்துக் கட்டினால், அதிர்வு அந்த வயர் வழியாகவே கமராவுக்குள் ஏறிவிடும். ஒரு பெரிய வளையம் விட்டுக் கட்டுங்கள்.

தரையில் எஞ்சினைத் தொடங்கியதும் மவுண்ட் பயங்கரமாக ஆடும். பதற வேண்டாம். மெதுவாக ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றுப் போகும், அதாவது 12 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஜீப் சில்லின் அதே எண். மேலே போய் 2400 வந்ததும் அடங்கிவிடும். புறப்படும் முன் விமானி 1700, 1800 சுற்றுக்கு ஏற்றிச் சோதிப்பாரே, அப்போது எடுத்த வீடியோவை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வீடியோ ஜெலி போல ஆடினால்

மவுண்ட் சரியாக இருந்தும் கட்டடங்கள் நெளிகின்றனவா? பெரும்பாலான கமராக்களின் உணரி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. முழுப்படத்தையும் வாசிக்க 1/60 வினாடி எடுத்தால், அதற்குள் 80 ஹேர்ட்ஸ் நடுக்கம் ஒன்றேகால் தடவைக்கு மேல் வந்துபோய்விடும். நேர்க்கோடு பாம்பாகிவிடும். கமராவுக்குள் இருக்கும் எலக்ட்ரோனிக் நிலைநிறுத்தி இதைத் திருத்தாது. அது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள அசைவைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது, ஒரே படத்துக்குள் நடந்த நெளிவை அல்ல.

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஷட்டரை மெதுவாக்குங்கள். 1/80 அல்லது 1/50 வினாடியில் ஒவ்வொரு வரியும் முழு நடுக்கத்தையும் ஒருசேர வாங்கிச் சராசரியாக்கிவிடும். கூர்மை கொஞ்சம் குறையும், நெளிவு போய்விடும். ப்ரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்பதும் இதனால் போய்விடும். நம் வெயிலில் இப்படி மெதுவாக்க லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி (என்.டி. ஃபில்டர்) வேண்டும். எஃப் 2.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100 என்றால் என்.டி. 32 ஏறக்குறையச் சரியாக வரும். புகைப்படத்துக்கு வேகமான ஷட்டர், வீடியோவுக்கு மெதுவான ஷட்டர், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கைபேசியை எஞ்சின் நடுங்கும் இடத்தில் நேரடியாகப் பூட்டுவது அதன் ஆயுளுக்கும் ஆகாது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் போன்றவற்றின் பலத்த அதிர்வு ஐபோன் கமராவின் நிலைநிறுத்தியைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்தது.

ஜீப்பில்: டயரிலிருந்து தொடங்குங்கள்

12 ஹேர்ட்ஸை நன்றாகத் தடுக்கும் றப்பர் செய்ய வேண்டுமானால் அது ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அமுங்க வேண்டும். அப்படிப்பட்ட மவுண்ட் முதல் பள்ளத்திலேயே போய் முட்டும். அதனால் ஜீப்பில் அதிர்வை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் வழி.

கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி, வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். ஸ்டீரிங் உதறினால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கையும் தரையும் உதறினால் பின் சில்லு. அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறியும் உதறல் மாறவில்லை என்றால் எஞ்சினைக் குறைசொல்ல முடியாது.

பிறகு வாகனத்தைக் கழுவுங்கள். சிரிக்க வேண்டாம். காட்டுக்குப் போய் வந்த ஜீப்பின் உதறலுக்கு மிகச் சாதாரணமான காரணம், றிம்மின் உட்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து கையை விட்டுத் தடவ வேண்டும். 16 அங்குல றிம்மில் ஒரு பக்கம் 30 கிராம் கூடியிருந்தால், 100 கி.மீ. வேகத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒவ்வொரு சுற்றிலும் சில்லைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். 50 கி.மீ.இல் அதில் கால்வாசிதான். அதனால்தான் நகரத்துக்குள் ஒன்றும் தெரியாமல் அதிவேகப் பாதையில் மட்டும் உதறுகிறது.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது தாங்கும் உச்ச அளவு. காற்றடிக்கும் பையன் கேட்காமலே 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துவிடுவான், பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உதறினால் பலன்சிங், அதாவது ஈயத்துண்டு ஒட்டிச் சில்லின் எடையைச் சமப்படுத்துவது. மெஷினில் ஏற்றும் முன் பழைய ஈயத்துண்டுகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். பழையதன் மேல் புதியதை ஒட்டுவது சோம்பேறி வேலை. அகலமான டயருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒட்டும் ஈயமானால் றிம்மை நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டட்டும். இல்லாவிட்டால் முதல் ஆற்றுக் கடவையில் கழன்றுவிடும். ஒரு சில்லுக்கு 100 கிராமுக்கு மேல் கேட்டால் நிறுத்துங்கள். காற்றை இறக்கி, டயரை றிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேரே வர வேண்டும்.

பலன்ஸ் சரி என்று மெஷின் சொல்லியும் உதறுகிறதா? டயர் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். சமதளத்தில் ஜக் போட்டு, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, சில்லைத் தூக்குங்கள். ஒரு செங்கல்லை டயரின் பட்டிக்கு (வீதியில் படும் பகுதிக்கு) கிட்டவாக வைத்துக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியக் கூடிக் குறைந்தால் ஈயம் எவ்வளவு ஒட்டினாலும் பயனில்லை. பழைய டயரையும் பட்டி புதுப்பித்த டயரையும் வாங்கும்போது இதை அங்கேயே செய்யுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பெரிய கட்டிகள் உள்ள சேற்று டயர் தார் வீதியில் எப்போதும் கொஞ்சம் முனகும், அது நோயல்ல. வாரம் முழுக்கக் கொழும்பு–காலி வீதியில் ஓடிவிட்டு மாதத்தில் ஒரு தடவை காட்டுக்குப் போகிறவருக்கு அந்த டயரே தேவையில்லை என்பது என் எண்ணம்.

முன்பக்கம் திண்ம அச்சு (இரண்டு சில்லையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள ஜிம்னி, பழைய டிஃபெண்டர் போன்றவற்றில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீரிங் கையை உதறித் தள்ளும் அளவுக்கு ஆடத் தொடங்கினால் டயரோடு நிற்க வேண்டாம். புஷ் (மூட்டு றப்பர்), பானார்ட் றொட் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), கிங்பின் பெயரிங் (சில்லு திரும்பும் மூட்டில் உள்ளது) எல்லாவற்றையும் மெக்கானிக் பாஸிடம் காட்டுங்கள். உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் மூன்று கடையில் மூன்று விதமாகத் தருவார்கள்.

ஜீப்பில் கமரா

இங்கே றப்பர் வேண்டாம். இரும்புக் கம்பியில் கிளாம்ப் போட்டு, அசையாமல் இறுக்குங்கள். மிச்சத்தைக் கிம்பலும் (கமராவை மோட்டாரால் சமநிலையில் பிடிக்கும் கருவி) எலக்ட்ரோனிக் நிலைநிறுத்தியும் பார்த்துக்கொள்ளும். இந்த மெதுவான ஆட்டம் அவற்றுக்குப் பழக்கமானது. நீண்ட லென்ஸ் என்றால் ஒரு துணிப்பையில் முக்கால்வாசிக்குச் சம்பா அரிசியை நிரப்பிக் கம்பியின் மேல் போட்டு, லென்ஸை அதில் அமர்த்துங்கள். சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். யானை நின்றால் அவராகவே நிறுத்துவார். பறவைக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கிறவல் பாதையில் இறங்கும்போது டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், கற்களின் படபடப்பு டயரிலேயே அடங்கும். 30 பி.எஸ்.ஐ. ஓடும் டயரை 20 அளவுக்கு இறக்கலாம், ஆனால் மெதுவாகத்தான் ஓட வேண்டும். தார் வீதிக்கு ஏறும் முன் திரும்ப அடியுங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம். கையில் ஒரு சின்ன கொம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம். சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். 50, 100 கி.மீ. ஓடிய பிறகு ஸ்பானரைப் போட்டு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.